கடனும் களவும்

என் வீட்டுத் தொழுவத்தில் கட்டியிருக்கும் பசுவை ஒருவன் இரவோடு இரவாக அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போய்விட்டால், மறுநாள் காலையில் என் தொழுவம் காலியாக இருக்கும். பால் கறக்கப் போகிறவள் வெறும் பாத்திரத்தோடு திரும்புவாள். அது திருட்டு. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் என் வீட்டு வாசலில் போட்டிருக்கும் கோலத்தைத் தெருவோடு போகிற ஒரு பெண் நின்று பார்த்து, புள்ளிகளை எண்ணி மனத்தில் வாங்கிக்கொண்டு போய்த் தன் வாசலில் போட்டுவிட்டால், என் வாசல் காலியாகிவிடுகிறதா? கோலம் இருந்தபடியே இருக்கிறது. தெருவில் இப்போது இரண்டு வாசல்கள் அழகாயிருக்கின்றன, அவ்வளவுதான்.

ஒருவன் எழுதிய கதை பசுவா, கோலமா?

இணையம் வந்த பிறகு இந்தக் கேள்வி வக்கீல்களின் மேஜையை விட்டு இறங்கி ஒவ்வொரு வீட்டுக் கூடத்துக்கும் வந்துவிட்டது. ‘அது பசுதான், தொட்டவன் திருடன்’ என்கிறார்கள் பட முதலாளிகளும் பெரிய பதிப்பகத்தாரும். ‘கோலம்தான், எடுத்துக்கொள்வதில் யாருக்கு என்ன நஷ்டம்?’ என்கிறார்கள் கைப்பேசியில் நூற்றுக்கணக்கான புத்தகங்களை இறக்கி வைத்திருப்பவர்கள். எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் நான் முதல் கட்சியில் சேர்ந்துகொள்வேன் என்று எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். எனக்கோ இரண்டு கட்சியிலும் மனம் ஒட்டவில்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

ஏட்டுச்சுவடிக் காலத்தில் ஒரு நூலைப் பெயர்த்து எழுதினவனை யாரும் திருடன் என்று சொன்னதில்லை. செல்லரித்துப் போகுமுன் ஒரு பிரதி எடுத்து வைத்தவன் புண்ணியவான். அப்படி யார் யாரோ எழுதி வைத்ததனால்தான் உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து தேடியபோது அவருக்கு ஏடுகள் கிடைத்தன. 1887-இல் சீவக சிந்தாமணி அச்சேறிற்று. பிரதி எடுப்பது குற்றம் என்று அந்தக் காலத்தில் ஒரு சட்டம் இருந்திருந்தால் நம் பழைய நூல்களில் எத்தனை மிஞ்சியிருக்குமோ!

அச்சு யந்திரம் வந்த பிறகுதான் விவகாரம் தொடங்கிற்று. யந்திரத்துக்கு முதல் போட்டவன் அதைத் திரும்ப எடுக்க வேண்டாமா? 1710-இல் இங்கிலாந்தில் ஆன் ராணியின் காலத்தில் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. புதிய நூலுக்கு ஆசிரியனுடைய உரிமை 14 வருஷம். அது முடியும்போது அவன் உயிரோடிருந்தால் இன்னொரு 14 வருஷம். அதற்கப்பால் நூல் ஊருக்குச் சொந்தம். லண்டன் புத்தக வியாபாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. தாங்கள் விலை கொடுத்து வாங்கிய உரிமை நிலபுலன் போல நிரந்தரமானது என்று வாதாடினார்கள். எடின்பரோவில் மலிவுப் பதிப்புகள் போட்டுக்கொண்டிருந்த அலெக்சாண்டர் டொனால்ட்சன் என்ற வியாபாரி எதிர்த்து நின்றார். நிரந்தர உரிமை கிடையாது என்று 1774-இல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொல்லிவிட்டது. அந்த வழக்குக்குக் காரணமான கவிதை நூலை எழுதிய ஜேம்ஸ் தாம்சன் இறந்து அப்போது 26 வருஷமாகியிருந்தது. சண்டை போட்ட இரு தரப்பிலும் எழுதியவன் இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

நம் தேசத்தில் 1957-ஆம் வருஷத்துச் சட்டம், ஆசிரியன் மறைந்தபின் 50 வருஷம் என்று கெடு வைத்தது. தாகூர் 1941-இல் மறைந்தவர். 1991-ஆம் வருஷ முடிவோடு அவருடைய நூல்கள் பொதுவாகியிருக்க வேண்டும். அந்தச் சமயம் பார்த்துத்தான் 50 என்பதை 60 ஆக்கினார்கள். பசுவின் மேல் உள்ள உரிமைக்கு யாராவது இப்படித் தவணை வைத்து, தவணையை நீட்டியதுண்டா? தவணை வைக்கிறபோதே, இது நிலத்தையும் மாட்டையும் போன்ற சொத்து அல்ல என்று சட்டமே ஒப்புக்கொண்டதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. பாடுபட்டவனுக்குக் கொஞ்ச காலம் கூலி கிடைக்கட்டும் என்று கட்டிக்கொடுத்த வேலி அது.

அந்த வேலி இத்தனை காலம் நின்றதற்கு ஜனங்களுடைய நல்லொழுக்கம் ஒன்றுதான் காரணம் என்று சொல்வதற்கில்லை. ஒரு முழுப் புத்தகத்தைப் பிரதி எடுப்பது சிரமமான, செலவான காரியமாக இருந்தது. ஒலிபரப்பு என்றால் கோபுரம் வேண்டும், லைசென்ஸ் வேண்டும். இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஓர் அச்சகமும் ஒரு வானொலி நிலையமும் சேர்ந்தாற்போல் இருக்கின்றன. வேலி விழாமல் என்ன செய்யும்?

விழுந்த வேலியை இன்னும் உயர்த்திக் கட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் பழைய சங்கதி ஒன்றை ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். 1952-இல் தகவல் ஒலிபரப்பு மந்திரியான பி.வி.கேஸ்கருக்குத் திரைப்பாடல் என்றாலே ஆகாது. அகில இந்திய வானொலியில் அந்தப் பாடல்கள் அருகிப்போயின. ஜனங்கள் என்ன செய்தார்கள்? வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கைக்குத் திருப்பினார்கள். கடைசியில் 1957 அக்டோபர் 3-ஆம் தேதி விவித் பாரதியைத் தொடங்கி, அரசாங்க வானொலியே திரைப்பாடல் போட வேண்டியதாயிற்று. நாற்பது வருஷத்துக்குப் பின் அமெரிக்காவில் இதே நாடகம் வேறு வேஷத்தில் நடந்தது. 1999-இல் நாப்ஸ்டர் என்ற ஏற்பாடு முளைத்தது. அவரவர் கம்ப்யூட்டரில் உள்ள பாட்டை உலகத்தில் யாரும் எடுத்துக்கொள்ளலாம். இசைத்தட்டுக் கம்பெனிகள் வழக்குப் போட்டு 2001-இல் அதை மூட வைத்தன. மூடியதால் பழக்கம் நின்றுவிடவில்லை. வேறு பெயர்களில் அதே காரியம் நடந்தது. 2003-இல் ஆப்பிள் கம்பெனி ஒரு பாட்டு 99 சென்ட் என்று கடை திறந்தபோது, சும்மாவே கிடைக்கிற பாட்டைக் காசு கொடுத்து வாங்க லட்சக்கணக்கான பேர் வந்தார்கள். நியாயமான விலையில் ஒரு கதவைத் திறந்து வைத்தால் எல்லாரும் சுவரேறிக் குதிக்க விரும்புவதில்லை. மனிதர்களைப் பற்றி இது ஓர் ஆறுதலான செய்தி.

அப்படியானால் எல்லாவற்றையும் இலவசமாக்கிவிடலாமே, இணையமே ஒரு தானம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. தானம்தான், மறுக்கவில்லை. ஜெனீவாவுக்கு அருகில் செர்ன் என்ற ஆராய்ச்சி நிலையத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய உலகளாவிய வலையை, எவரும் கட்டணமின்றி உபயோகித்துக்கொள்ளலாம் என்று 1993 ஏப்ரல் 30-ஆம் தேதி அந்த நிலையம் உலகத்துக்கு விட்டுவிட்டது. நம் காலத்தில் இதைவிடப் பெரிய தானம் ஒன்று நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த நிலையம் ஐரோப்பிய தேசங்கள் பல சேர்ந்து பணம் போட்டு நடத்துவது. பெர்னர்ஸ்-லீ அங்கே சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். அவர் வீட்டு அடுப்புக்கு ஏற்கெனவே யாரோ விறகு வாங்கிக் கொடுத்திருந்தார்கள். இலவசம் என்று நாம் எதைச் சொன்னாலும் அதற்கு வேறு யாரோ எங்கேயோ விலை கொடுத்திருக்கிறார்கள். காசில்லாமல் நாம் பார்க்கிற யூடியூப் காட்சிக்கு நடுவில் வந்து நிற்கும் சோப்பு விளம்பரத்தைக் கேட்டால் அது சொல்லும்.

நாவலாசிரியனுக்கு எந்த நிலையமும் மாதச் சம்பளம் தருவதில்லை. விற்ற விலையில் பத்தில் ஒரு பங்கு என்பது எங்களுக்குள் வழக்கமான கணக்கு. 400 ரூபாய் நாவல் ஒன்று 1,000 பிரதி விற்றால் எழுதியவனுக்கு 40,000 ரூபாய். அதை எழுத 2 வருஷம் பிடித்திருந்தால் மாதத்துக்கு 1,700 ரூபாய்கூடத் தேறாது. இதைப் புலம்பலாகச் சொல்லவில்லை. கோலத்தின் உவமை எங்கே முறிகிறது என்று காட்டுவதற்காகச் சொல்கிறேன். கோலம் போட்டவள் அந்தக் கோலத்தை விற்று அரிசி வாங்குவதில்லை.

இந்தச் சிக்கலை நம் ஊர் ஒரு தடவை நேருக்கு நேர் பார்த்திருக்கிறது. பாரதியார் 1921-இல் மறைந்த பின் அவர் எழுத்தின் உரிமை கைமாறிக் கைமாறிப் போயிற்று. அச்சிடும் உரிமை ஓரிடத்தில். வானொலியில் ஒலிபரப்பவும் இசைத்தட்டில் பதியவும் உள்ள உரிமை வேறோரிடத்தில். இந்த ஒலிபரப்பு உரிமை ஒரு வியாபாரியிடமிருந்து ஏ.வி.மெய்யப்ப செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. 1947-இல் வெளிவந்த அவருடைய ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே.பட்டம்மாள் பாடிய பாரதி பாட்டுகள் பட்டிதொட்டியெல்லாம் பரவின. மறு வருஷம் டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் ‘பில்ஹணன்’ படத்தில் ஒரு பாரதி பாட்டைச் சேர்த்ததும் விவகாரம் வெடித்தது. தேசத்தையே தட்டி எழுப்பிய பாட்டுக்கு ஒருவர் முதலாளியா என்ற கேள்வி நாடெங்கும் எழுந்தது. 1949-இல் சென்னை அரசாங்கம் உரிமையைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. செட்டியார் தம் வசமிருந்த உரிமையைப் பணம் வாங்கிக்கொள்ளாமலே கொடுத்துவிட்டார். 1955-இல் பாரதியின் எழுத்தை எவரும் அச்சிடலாம், எவரும் பாடலாம் என்று ஆயிற்று.

இந்தக் கதையில் பலர் மறந்துவிடுகிற பக்கம் ஒன்று உண்டு. பாட்டை ஊருக்கு எடுத்துக் கொடுத்த அரசாங்கம், பாரதியின் மனைவி செல்லம்மாளுக்கும் இரண்டு பெண்களுக்கும் பணம் கொடுத்தது. பாட்டு ஊருக்கு, கூலி குடும்பத்துக்கு என்று இரண்டு நியாயங்களையும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாமல் நிறைவேற்ற முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி அது. என்ன, கூலி வந்து சேர 28 வருஷம் ஆயிற்று.

இரண்டு நியாயத்தையும் சேர்த்துக் கெடுக்கவும் முடியும். சினிமாவுக்குப் பாட்டு எழுதுகிறவரும் இசை அமைக்கிறவரும் உரிமை முழுவதையும் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிடுவதே வெகுகாலம் வழக்கமாக இருந்தது. பாட்டு பிறகு வானொலியிலும் கைப்பேசி மணியிலுமாக ஒலித்துச் சம்பாதித்தால் அதில் அவர்களுக்குப் பங்கில்லை. கவிஞர் ஜாவேத் அக்தர் ராஜ்ய சபையில் இதற்காக வாதாடினார். 2012-இல் சட்டம் திருத்தப்பட்டது. படத்துக்கு வெளியே பாட்டு ஈட்டுகிற பணத்தில் அவர்களுக்குள்ள பங்கை, வாரிசுக்கோ உரிமைச் சங்கத்துக்கோ அல்லாமல் வேறு யாருக்கும் எழுதிக் கொடுத்தால் செல்லாது என்றாயிற்று. அதுவரையில் ஆசிரியர் உரிமை என்ற பெயரில் இருந்த வேலிக்குள் ஆசிரியரே வெளியாள்.

வாசகன் கதி மட்டும் என்ன வாழ்ந்தது? 2009 ஜூலையில் அமேசான் கம்பெனியின் கிண்டில் கருவியில் ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’, ‘விலங்குப் பண்ணை’ இரண்டையும் காசு கொடுத்து வாங்கியிருந்த அமெரிக்கர்கள் பலர், ஒரு நாள் கருவியைத் திறந்தபோது புத்தகங்களைக் காணவில்லை. அந்தப் பதிப்பை விற்றவருக்கு அமெரிக்காவில் உரிமை இல்லையென்று தெரிந்ததும், கம்பெனி தன் இடத்தில் இருந்தபடியே எல்லார் கருவியிலிருந்தும் அழித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தது. பள்ளி மாணவன் ஒருவன் படித்துப் படித்து எழுதி வைத்த குறிப்புகள் எந்த வரிக்கு எழுதியவை என்று தெரியாமல் வீணாயின. அதே சமயத்தில் கனடாவில் அந்த நூல்கள் பொதுவுடைமை; ஆர்வெல் 1950-இல் இறந்தவர், அங்கே அப்போது கெடு 50 வருஷம். வேண்டாத பழைய தாள்களைத் துளைக்குள் போட்டு எரித்துவிடும் ஓர் ஆட்சியைப் பற்றிய நாவல் அது என்பதை நினைத்தால் சிரிப்பதா, பயப்படுவதா என்று தெரியவில்லை. கம்பெனித் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒன்று வெளிச்சமாகிவிட்டது. நாம் ‘வாங்கினேன்’ என்று சொல்கிறோம், உள்ளபடி குடியிருக்கிறோம். அலமாரியில் இருக்கிற புத்தகத்தை எடுக்க வேண்டுமானால் கடைக்காரன் என் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். கருவியில் இருப்பதை எடுக்க அவன் தட்ட வேண்டியதில்லை.

முதலாளி இப்படி நடந்துகொண்டால் நான் மட்டும் ஏன் யோக்கியனாக இருக்க வேண்டும் என்று இந்த இடத்தில் ஒரு குரல் எழும். நியாயம் போல ஒலிக்கிற குரல்தான். கொஞ்சம் யோசித்தால், வீட்டுக்காரன் அநியாய வாடகை வாங்குகிறான் என்பதற்காகப் பால்காரனுக்குப் பாக்கி வைப்பது போன்ற நியாயம் அது.

என் சொந்த விஷயத்தைக் கொஞ்சம் சொல்ல அனுமதிக்க வேண்டும். கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்ட எனக்கு இலக்கியம் சொல்லிக் கொடுத்தவை தெருக்கோடி வாடகை நூலகமும், எங்கள் அத்தை வீட்டுப் பரணில் இருந்த பைண்டுகளும்தான். பத்திரிகையில் வாராவாரம் வந்த தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து நூலால் தைத்துக் காலிகோ ஒட்டின பைண்டுகள். ஒருவர் காசு கொடுத்து வாங்கின பத்திரிகையை இருபது வீடுகள் படித்திருக்கும். அந்த இருபதாவது வீட்டுப் பையன் நான். எனக்குச் சோறு போடுகிற எழுத்தை அந்த எழுத்தாளர்களுக்கு ஒரு காசும் கொடுக்காமல்தான் கற்றேன். ஆகவே விலை கொடுக்காமல் படிக்கிறவனையெல்லாம் திருடன் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சென்ற வருஷம் ஒரு கல்யாணத்தில் செல்வாக்கான மனிதர் ஒருவரை எனக்கு அறிமுகப்படுத்தினார்கள். அவர் உற்சாகமாகத் தம் கைப்பேசியைத் திறந்து காட்டினார். “உங்க நாவல் ஏழும் இதுல இருக்கு சார். மொத்தம் ரெண்டாயிரம் புஸ்தகம்! ஒரு பைசா செலவில்லை.” எதைப் படித்தீர்கள் என்று கேட்டேன். “ரிட்டயர் ஆனப்புறம்தான் படிக்கணும்” என்றார். பிறகு என்னோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்.

அதே மாதத்தில் வளைகுடாவில் நர்ஸாக வேலை செய்யும் ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள். இரவு ஷிப்டில் யாரோ அனுப்பிய கோப்பில் என் நாவலைப் படித்தாளாம். அதில் வரும் தாயாரைப் பற்றி வெகுநேரம் பேசினாள். எழுதிய எனக்கே தெரியாமலிருந்த ஒன்றைச் சொன்னாள். முடிக்கும்போது தயங்கினாள். “நான் காசு குடுத்து வாங்கலை சார். அதைச் சொல்லாம உங்ககிட்ட இவ்வளவு நேரம் பேசினது கூச்சமா இருக்கு” என்றாள்.

சட்டத்தின் கண்ணில் இரண்டு பேரும் ஒரே காரியத்தைச் செய்தவர்கள். என் வருமானக் கணக்கிலும் இரண்டு பேரும் பூஜ்யம்தான். ஆயினும் இரண்டு பேரும் ஒன்று என்று என் மனம் ஒப்பவில்லை. அந்தப் பெண்ணுக்கு இருந்த கூச்சம் என்பது என்ன? தான் ஒருவனிடமிருந்து ஒன்றைப் பெற்றுக்கொண்டோம் என்ற நினைவு. அந்தப் பெரிய மனிதருக்கு அது இல்லை. படிக்காததனால் அவர் உண்மையில் எதையும் பெற்றுக்கொள்ளவும் இல்லை. ரெண்டாயிரம் புஸ்தகம் வைத்திருப்பவரிடம் எனக்கு வர வேண்டிய பாக்கி எதுவுமில்லை என்றுகூடச் சொல்லிவிடலாம்.

தமிழில் கடன் என்ற சொல்லுக்கு வாங்கின பணம் என்றும் பொருள். செய்ய வேண்டிய கடமை என்றும் பொருள். கதையைப் பற்றிப் பேசச் சொத்து என்ற சொல்லைவிட இந்தச் சொல்தான் பொருத்தமானது என்று எனக்குப் படுகிறது. சொத்து என்றால், காவல் போட்டால் என்னுடையது, காவல் விழுந்தால் உன்னுடையது என்று போய்விடும். கடனுக்குக் காவல் கிடையாது. யாரும் பார்க்காவிட்டாலும் அது இருக்கிறது. அச்சகமும் வானொலி நிலையமும் சிலர் கையில் இருந்தவரை நமக்குப் பதிலாக அவர்கள் இந்தக் கணக்கை, நேர்மையாகவோ கோணலாகவோ, பார்த்துக்கொண்டார்கள். வாசகன் கடையில் காசைக் கொடுத்தான். அதோடு அவன் பொறுப்பு முடிந்தது. இன்று எழுதுகிறவனுக்கும் படிக்கிறவனுக்கும் நடுவில் இருந்த சுவர் விழுந்துவிட்டது. நல்ல காரியம். ஆனால் சுவர் சுமந்துகொண்டிருந்த பாரம் இப்போது படிக்கிறவன் தோளில் இறங்கியிருக்கிறது என்பதை அவன் உணரவேண்டும்.

அந்தக் கடனைத் தீர்க்க ஒரே ஒரு வழிதான் உண்டு என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. கையில் இருப்பவன் விலை கொடுக்கலாம். இல்லாதவன் கவனத்தோடு படித்து, எழுதியவன் பெயரை மறைக்காமல் இன்னொருவனிடம் சொல்லலாம். இருக்கிற காலம் வந்ததும் ஒரு பிரதி வாங்கி யாருக்காவது கொடுக்கலாம். பரணில் படித்தவைக்கெல்லாம் நான் இப்போது தவணை முறையில் கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். எழுதுகிறவனுக்கும் ஒரு கடன் உண்டு. செத்துப் போன பின்னும் 60 வருஷம் தன் கதையைப் பூட்டி வைக்க வேண்டுமா என்று உயிரோடு இருக்கும்போதே அவன் யோசித்துவிட வேண்டும். விற்கிறவனுக்கும் உண்டு. விற்றேன் என்று சொன்னால் விற்றதாக இருக்க வேண்டும்.

சட்டங்கள் மாறும், 14 என்பது 60 ஆன மாதிரி மறுபடியும் மாறலாம். அவற்றைக் கம்பெனிகளும் சர்க்காரும் பார்த்துக்கொள்ளட்டும். இரவில் தனியாக ஒரு கதையைப் படித்து முடித்துவிட்டு, விளக்கை அணைக்குமுன் ஒரு நிமிஷம், இதை யாரோ எழுதினார் என்று நினைக்கிற ஒரு மனிதர் இருக்கிறவரையில் எழுத்துக்குப் பெரிய ஆபத்து வந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை.